கருவியின் ஆயுள் யார் கையில்?

மனிதன் கருவி செய்யத் தொடங்கிய நாள் முதல், ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆயுள் உண்டு என்பதை அறிந்தே வந்திருக்கிறான். உழ உழக் கொழு தேய்கிறது. அரைக்க அரைக்க அம்மி வழுவழுப்பாகிறது. கொத்திக் கொடுப்பவர் வந்து கொத்தினால் மீண்டும் அரைக்கிறது. சுவர்க் கடிகாரத்தின் வில் தளர்ந்தால் கடிகாரம் நிற்கிறது. வில்லை மாற்றினால் ஓடுகிறது. இக்கருவிகளின் முடிவு அவற்றின் உடம்பிலேயே இருந்தது. தேய்ந்தது கண்ணுக்குத் தெரிந்தது. உடைந்தது கைக்குத் தெரிந்தது. ஊரிலேயே ஒருவர் அதைச் செப்பனிட்டும் தந்தார்.

நம் காலத்தில் வேறொரு வகைக் கருவி தோன்றியிருக்கிறது. அதன் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. திரை பளிச்சென்று ஒளிர்கிறது. யாரேனும் அழைத்தால் மணி அடிக்கிறது. ஆயினும், பல்லாயிரம் கல் தொலைவில் உள்ள ஓர் அலுவலகத்தில் எடுத்த முடிவினால் அதன் வாழ்வு ஒரு நாள் தேயத் தொடங்குகிறது. ‘இக்கருவிக்கு இனி எங்கள் ஆதரவு இல்லை’ என்னும் ஒரு வரி அறிவிப்பே அதற்கு ஓலையாகிவிடுகிறது. ஸ்மார்ட்போன் என்று நாம் வழங்கும் கைபேசியைத்தான் சொல்கிறேன். அந்த ஓலை வந்தபின் அதை உடையவர் என்ன செய்வது? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், கைபேசியின் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்க்க வேண்டும்.

மாணவர்களே! முதலில் ‘ஆதரவு’ என்னும் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு கைபேசி நம் சட்டைப் பையில் தனித்துக் கிடப்பதாகத் தோன்றினாலும், அது நான்கு கைகளால் தாங்கப்படுகிறது. முதற் கை, அதன் மூளையாகிய சில்லைச் செய்தவருடையது. இரண்டாவது, அந்தச் சில்லின்மேல் ஓடும் இயங்குதளத்தை எழுதியவருடையது. மூன்றாவது, சில்லையும் இயங்குதளத்தையும் இணைத்து ஒரு பெட்டிக்குள் வைத்துத் தம் பெயரிட்டு விற்றவருடையது. நான்காவது, கோபுரம் நாட்டி அலையை அனுப்புபவர், வங்கிச் செயலியை நடத்துபவர், கடிதப் போக்குவரத்தை நடத்துபவர் முதலிய ஊழியம் புரிவோருடையது.

இந்நால்வரும் சேர்ந்து தாங்கும்வரை கைபேசி முழு வாழ்வு வாழ்கிறது. ஒருவர் கை விலகினாலும் ஏதோ ஒரு குறை நேர்கிறது. எவர் கை விலகியது என்று அறியாமல், ‘கைபேசி பழசாகிவிட்டது’ என்று பொதுவாகச் சொல்லிவிடுவது, எந்தப் பாடத்தில் தவறினான் என்று பாராமல் ‘பையன் தேறவில்லை’ என்று சொல்வதைப் போன்றது.

இது கைபேசிக்கு முன்பே உலகம் அறிந்த செய்திதான். நம் நாட்டில் தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1855-ஆம் ஆண்டில். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பிறப்பையும் இறப்பையும் வீடுதோறும் கொண்டுசேர்த்த அந்தப் பணி, 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிறுத்தப்பட்டது. அன்று தந்திப் பொறியில் எந்தப் பழுதும் இல்லை, பணிதான் நின்றது. பணி நின்ற அன்றே பொறி பழம்பொருளாயிற்று. ஆனால், தந்திப் பொறி அரசாங்கத்தின் உடைமை. கைபேசியோ நாம் காசு கொடுத்து வாங்கிய நம் உடைமை. இந்த வேறுபாட்டில்தான் இன்றைய சிக்கல் பிறக்கிறது.

இனி வரலாற்றுக்குள் செல்வோம். தொடுதிரைக் கைபேசிகளின் காலத்தைத் தொடங்கிவைத்த ஐபோன், 2007-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு அக்டோபரில், ஆண்ட்ராய்டு இயங்குதளத்தோடு கூடிய முதற் கைபேசியாகிய எச்.டி.சி. டிரீம் வெளிவந்தது. 2010-ஆம் ஆண்டு ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் நான்காம் பதிப்பு இயங்குதளத்தை வெளியிட்டபோது, முதல் ஐபோனுக்கு அதில் இடம் இல்லை. உலகமே வியந்த ஒரு கருவி மூன்றே ஆண்டுகளில் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டது. எச்.டி.சி. டிரீமின் நிலை அதனினும் குறுகியது, ஆண்ட்ராய்டின் 1.6-ஆம் பதிப்போடு அதற்கு முறையான புதுப்பிப்பு நின்றுவிட்டது.

அந்நாளில் இதை எவரும் பெரிதாக எண்ணவில்லை. புதுப் பதிப்பு என்பது புது அலங்காரம் என்றே பலரும் கருதினர். அலங்காரம் இல்லாவிட்டால் என்ன, வீடு வீடுதானே என்று இருந்தனர். அந்த எண்ணத்தைக் கலைத்தது 2015-ஆம் ஆண்டு.

அவ்வாண்டு ஜூலையில், ஆண்ட்ராய்டுக் கைபேசிகளில் படங்களையும் ஒலியையும் கையாளும் பகுதியில் பெரும் ஓட்டை ஒன்று இருப்பதாகப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அறிவித்தனர். அப்பகுதியின் பெயராலேயே அந்தக் குறை ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்று வழங்கப்பட்டது. தீய நோக்கத்தோடு புனையப்பட்ட ஒரு படச்செய்தியை அனுப்பினாலே, கைபேசிக்கு உரியவர் எதையும் தொடாமலே, கருவிக்குள் அயலார் நுழையக்கூடும் என்பது அவ்வறிவிப்பின் சாரம். ஏறத்தாழ 95 கோடிக் கைபேசிகள் இவ்விடருக்கு உட்பட்டவை என்று கண்டறிந்தோர் கணக்கிட்டனர். அடுத்த மாதமே கூகுள், சாம்சங் ஆகிய நிறுவனங்கள், இனி மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியிடுவதாக அறிவித்தன.

அன்று முதல் ‘ஆதரவு’ என்னும் சொல்லின் பொருளே மாறிற்று. புதுப்பிப்பு என்பது வெள்ளையடிப்பது அன்று, கதவின் பூட்டைச் செப்பனிடுவது என்பதை மக்கள் உணர்ந்தனர். எந்த வீட்டிலும் பூட்டு ஒரு நாள் செய்துவிட்டதோடு முடிவதில்லை. கள்வர் புதுத் திறவுகோல் செய்யும்போதெல்லாம் பூட்டும் மாற வேண்டும். ஆதரவு நின்ற கைபேசி என்பது, பூட்டு மாற்றுபவர் வருவதை நிறுத்திவிட்ட வீடு. அன்றைக்கே திருடு போய்விடும் என்பதில்லை. ஆனால் நாள் செல்லச் செல்ல, அந்தப் பூட்டின் சூட்சுமம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்.

மேலே சொன்னது மூன்றாவது கை விலகுவதன் விளைவு. நான்காவது கை விலகினால் என்ன ஆகும் என்பதற்குப் பிளாக்பெரியின் கதையைக் காட்டிலும் சிறந்த சான்று வேறில்லை. ஆதலின் அதைச் சற்று விரித்தே கூறுகிறேன்.

கானடா நாட்டின் ஆன்டேரியோ மாகாணத்தில் வாட்டர்லூ என்னும் நகரம் உள்ளது. அங்கே 1984-ஆம் ஆண்டில் மைக் லசாரிடிஸ், டக்ளஸ் ஃபிரெகின் என்னும் இரு இளைஞர்கள் ‘ரிசர்ச் இன் மோஷன்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். 1999-ஆம் ஆண்டில் பிளாக்பெரி என்ற பெயரோடு அவர்களுடைய செய்திக் கருவி வெளிவந்தது. உள்ளங்கையில் அடங்கும் அக்கருவியில் குட்டி குட்டி விசைகள் வரிசையாய் இருந்தன. இரு கட்டைவிரல்களால் மின்னஞ்சல் எழுதலாம். நாளடைவில் அதிலேயே தொலைபேசியும் சேர்ந்தது.

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் நியூயார்க் நகரம் தாக்கப்பட்டபோது, குரல் அழைப்புகள் நெரிசலில் சிக்கித் தவித்தன. பிளாக்பெரிக் கருவிகள் பல அந்நேரத்திலும் செய்தி அனுப்பின. நெருக்கடியில் கைகொடுத்த கருவியை மக்கள் மறப்பதில்லை. அதிகாரிகளும் வணிகர்களும் செய்தியாளர்களும் அதைக் கையிலேயே ஏந்தித் திரிந்தனர். 2009-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற பராக் ஒபாமா, பாதுகாப்பு அதிகாரிகள் தயங்கியபோதும் தம் பிளாக்பெரியை விட்டுவிட மனமில்லாமல், தனிக் காவல் ஏற்பாடுகளோடு அதை வைத்துக்கொண்டார். அதன் மறையீட்டின் திண்மையை நம் நாடும் அறியும். 2010-ஆம் ஆண்டில், அதன் வழியே செல்லும் செய்திகளைச் சட்டப்படி பார்வையிட வழி செய்ய வேண்டும் என்று இந்திய அரசு அந்நிறுவனத்தை வற்புறுத்தியது அந்நாளில் பெரிய செய்தி. அதன் உச்ச நிலையில் உலகெங்கும் ஏறத்தாழ 8 கோடிப் பேர் பிளாக்பெரியைப் பயன்படுத்தினர்.

இத்தனை அன்புக்கும் காரணமான அதே அமைப்பே அதன் முடிவுக்கும் காரணமாயிற்று என்பதுதான் நாம் கற்க வேண்டிய பாடம். பிளாக்பெரியின் செய்திகள், அந்நிறுவனம் தானே நடத்திய கணிப்பொறி நிலையங்களின் வழியே சென்றன. செய்தி விரைந்து வந்ததும், மறைவாய் வந்ததும் அதனால்தான். ஆகவே, கருவி நம் கையில் இருந்தாலும் அதன் உயிர்நிலை வாட்டர்லூவில் இருந்தது. கிளியின் உடலில் தன் உயிரை ஒளித்துவைத்த அரக்கன் கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இங்கே கைபேசியின் உயிர் கடல் கடந்து ஒரு கிளியிடம் இருந்தது என்று கொள்ளுங்கள்.

தொடுதிரைக் கைபேசிகளின் வெள்ளத்தில் பிளாக்பெரியின் விற்பனை சரிந்தது. 2013-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், ‘பிளாக்பெரி 10’ என்னும் புது இயங்குதளத்தை அந்நிறுவனம் வெளியிட்டது. தன் பெயரையும் பிளாக்பெரி என்றே மாற்றிக்கொண்டது. நிலை சீர்படவில்லை. 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில், கைபேசிகளைத் தானே உருவாக்கும் தொழிலை நிறுத்துவதாக அறிவித்தது. 2019-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள், பொதுமக்களுக்கான அதன் செய்திச் செயலி மூடப்பட்டது. இறுதியாக, 2022-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள், பழைய பிளாக்பெரி இயங்குதளங்களுக்கான பணிகள் அனைத்தும் நிறுத்தப்பட்டன.

அந்நாளுக்குப்பின் அக்கருவிகளில் இணையமும் குறுஞ்செய்தியும் அழைப்பும், ஏன், ஆபத்து வேளையில் உதவி கோரும் அழைப்புங்கூட, நம்பத்தக்க முறையில் இயங்கா என்று நிறுவனமே எச்சரித்தது. விசைகள் தேயவில்லை, திரை உடையவில்லை. ஆனால் கிளி பறந்துவிட்டது. அதே பெயரில் பின்னாளில் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தோடு வந்த கைபேசிகளுக்கு இம்முடிவு நேரவில்லை என்பதையும் நோக்குக. பெயர் ஒன்றே, தாங்கிய கை வேறு. ஆகவே, பெயரை நம்புவதைவிடத் தாங்கும் கையை அறிவதே அறிவுடைமை.

அதே 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் தன் மூன்றாம் தலைமுறை அலைவரிசையை மூடியது. அவ்வலையை மட்டுமே நம்பியிருந்த கைபேசிகள் ஊமையாயின. இதுவும் நான்காவது கை விலகியதன் விளைவே.

கைவிடும் வரலாறு மட்டும் சொன்னால் அது ஒரு பக்க வழக்காகும். கைகொடுத்த வரலாறும் உண்டு. 2012-இல் வெளிவந்த ஐந்தாம் ஐபோனுக்கு ஓர் இடர் வந்தது. வானில் சுற்றும் செயற்கைக்கோள்கள், வாரங்களை எண்ணி நேரத்தை அறிவிக்கின்றன. அந்த எண்ணிக்கை குறிப்பிட்ட அளவு சென்றதும் மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். இதனால் 2019-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாளுக்குப்பின் அக்கைபேசியின் நாட்காட்டி தடுமாறும். நாட்காட்டி தடுமாறினால் மின்னஞ்சலும் இணையமும் நின்றுவிடும் என்ற நிலை. ஏழு ஆண்டு பழகிய அக்கருவிக்கு ஆப்பிள் நிறுவனம் ஒரு சிறு திருத்தம் வெளியிட்டது. அதை உரிய நாளுக்குள் ஏற்றுக்கொண்டவர்களின் கைபேசி தொடர்ந்து இயங்கியது. ஏற்றுக்கொள்ளாதவர்கள் கணிப்பொறியோடு இணைத்துச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. அறிவிப்பைப் படிப்பதும் ஒரு பராமரிப்பே என்பது இதனால் விளங்கும்.

அதே நிறுவனத்தின் மறுபக்கமும் உண்டு. மின்கலம் தளர்ந்த ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாதிருக்க, அவற்றின் வேகத்தை மென்பொருளால் குறைத்ததாக 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் அது ஒப்புக்கொண்டது. உரியவர்களிடம் முன்னரே தெளிவாகச் சொல்லவில்லை என்பதற்காகப் பிரான்சு நாட்டில் 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதற்கு 250 லட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. கைபேசி மந்தமாகிவிட்டது என்று புதியது வாங்கியவர்களுள் பலருக்கு, ஒரு புது மின்கலமே போதுமானதாய் இருந்திருக்கும். மூப்பு வேறு, நோய் வேறு. நோயை மூப்பென்று கருதி ஒருவரை ஓய்வுபெறச் செய்தல் நீதியன்று; இதை ஓய்வுபெற்ற நானே சொல்வதில் ஒரு பொருத்தம் உண்டு.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஃபேர்போன் என்னும் சிறு நிறுவனம் இருக்கிறது. உடையவரே பகுதி பகுதியாகக் கழற்றி மாற்றக்கூடிய அதன் இரண்டாம் கைபேசி, 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆண்ட்ராய்டின் ஐந்தாம் பதிப்போடு வெளிவந்தது. ஆறாம் பதிப்பிற்குப்பின், சில்லைச் செய்த குவால்காம் நிறுவனத்தின் உதவி அதற்குக் கிடைக்கவில்லை. அதாவது முதற் கையே விலகிற்று. ஆயினும் அச்சிறு நிறுவனம் தன் முயற்சியாலும் தன்னார்வலர் துணையாலும் பத்தாம் பதிப்பு வரை அக்கருவியைக் கொண்டுசென்றது. 2023-ஆம் ஆண்டு மார்ச் வரை, ஏழு ஆண்டுகளுக்கு மேல் அது ஆதரவு பெற்றது. ‘மூன்றாண்டுக்கு மேல் இயலாது’ என்று பெரியோர் சொல்லிவந்ததை ஒரு சிறியோன் செய்துகாட்டினான் எனலாம்.

தன்னார்வலர் என்றேன். அவர்களுடைய வரலாறு தனியே போற்றத்தக்கது. எச்.டி.சி. டிரீம் கைவிடப்பட்ட காலத்திலேயே, ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை எடுத்துத் திருத்தித் தம் கைபேசிகளில் ஏற்றிக்கொண்ட ஆர்வலர்கள் இருந்தனர். அம்முயற்சி ‘சயனோஜென்மாட்’ என்னும் பெயரில் வளர்ந்தது. அதன் பின்னணியில் இருந்த நிறுவனம் 2016-ஆம் ஆண்டு இறுதியில் கைவிட்டபோது, ஆர்வலர்கள் ‘லீனியேஜ் ஓ.எஸ்.’ என்ற புதுப் பெயரில் அதைத் தொடர்ந்தனர். ஊதியம் கருதாமல், நிறுவனங்கள் மறந்த கருவிகளுக்குப் பூட்டுச் செப்பனிடும் பணியை இவர்கள் செய்துவருகின்றனர்.

ஆனால் இவ்வழி எல்லார்க்கும் உரியதன்று. எல்லாக் கைபேசிகளும் அயல் இயங்குதளத்தை ஏற்க இடங்கொடா. ஏற்றும்போது உள்ளிருக்கும் செய்திகளும் படங்களும் அழிந்துபோகும். ஏற்றியபின் வங்கிச் செயலிகள் சில இயங்க மறுக்கும். சில்லைச் செய்தவர் மட்டுமே அடைக்கவல்ல ஓட்டைகள் அப்படியே நிற்கும். கணிப்பொறி பயிலும் மாணவர்க்கு இது நல்ல பாடசாலை. அவசரத்தில் இருக்கும் குடும்பத் தலைவர்க்கு இது ஏற்ற வழியன்று.

இனி, இவ்வரலாறு நம் வீட்டு வாசலுக்கு எப்படி வந்து நிற்கிறது என்பதைச் சொல்கிறேன். நம் நாட்டில் பழைய கைபேசி எளிதில் குப்பைக்குப் போவதில்லை. மகன் புதியது வாங்கினால் பழையது தந்தைக்குப் போகிறது; தந்தையிடமிருந்து பாட்டிக்கோ, பள்ளிச் சிறுவனுக்கோ போகிறது. சிக்கனத்தில் பிறந்த நல்ல வழக்கந்தான் இது. ஆனால் இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. பூட்டு மிகப் பழையதாகிப்போன கருவி, ஏமாற்றுக்காரரை இனங்காண மிகவும் குறைந்த பழக்கம் உடையவர் கையில் போய்ச் சேர்கிறது. அந்தக் கருவியிலேதான் அவருடைய ஓய்வூதியக் கணக்கும் இருக்கிறது.

எனக்கும் அப்படி ஒரு கைபேசி வாய்த்தது. என் மகன் பயன்படுத்தி எனக்குத் தந்தது. எழுத்தைப் பெரிதாக்கினால் கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். பல ஆண்டுகளில் என்னிடம் பயின்ற மாணவர்களின் எண்கள் அதில் இருந்தன; மறைந்துபோன சில நண்பர்களின் குரற்செய்திகளும் இருந்தன. அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது நின்று ஓராண்டு சென்றபின், வங்கிச் செயலி, ‘இந்தப் பதிப்பில் இனி இயங்க இயலாது’ என்று அறிவித்தது. அப்போது என் மனைவி, “சும்மா போடுவதற்கு ஊரிலிருக்கும் அக்காவுக்குக் கொடுத்துவிடலாமே. அவளிடம் ஒரு நல்ல போன்கூட இல்லையே” என்றாள். அக்கா என்று அவள் சொன்னது தன் தமக்கையை, கணவரை இழந்தவர், குடும்ப ஓய்வூதியமே அவருக்கு ஆதாரம்.

அவள் சொன்னது அன்பின் சொல். அதை உடனே மறுக்க எனக்கு மனம் வரவில்லை. பாடக்குறிப்பு எழுதிய பழைய பழக்கப்படி, ஒரு தாளை எடுத்து நடுவே கோடு இழுத்தேன். அக்கைபேசி எனக்குச் செய்யும் பணிகளுள், கெட்டுப்போனால் வருத்தம் மட்டும் தரக்கூடியவற்றை ஒரு பக்கம் எழுதினேன்: நூல் படித்தல், வானொலி கேட்டல், படம் எடுத்தல், விளக்கு. கெட்டுப்போனால் நட்டம் தரக்கூடியவற்றை மறுபக்கம் எழுதினேன்: வங்கி, ஓய்வூதியம், மின்னஞ்சல், ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேரும் தொலைபேசி எண். எழுதி முடித்ததும் விடை தாளிலேயே தெரிந்தது.

மறுபக்கத்தில் இருந்தவை அனைத்தையும், இன்னும் பல ஆண்டு ஆதரவு உள்ள ஓர் எளிய கைபேசிக்கு மாற்றினேன். படங்களையும் குரற்செய்திகளையும் இரண்டு இடங்களில் படி எடுத்து வைத்தேன். பழைய கைபேசியிலிருந்து சிம்மை எடுத்துவிட்டேன். வங்கிச் செயலியை நீக்கி, மின்னஞ்சல் கணக்கிலிருந்தும் வெளியேறினேன். இன்று அது என் படுக்கையருகே நூலகமாகவும் வானொலியாகவும் இருக்கிறது. தமக்கையாருக்கு அதை அனுப்பவில்லை. பேசுவதற்கு மட்டும் பயன்படும் விசைக் கைபேசி ஒன்றை வாங்கி அனுப்பினோம். “எனக்கு இதுதான் வசதி, தம்பி” என்று அவர் அதிலேயே அழைத்துச் சொன்னார். நமக்கு ஆகாது என்று கண்ட இடரை, அறியாதவர் தலையில் அன்பின் பெயரால் ஏற்றலாகாது என்பதே நான் கொண்ட முடிவு.

இதிலிருந்து பொதுவான ஒரு முறையை வகுக்கலாம். முதலாவது, விலகியது எந்தக் கை என்று காணுங்கள். புதுப் பதிப்பு மட்டும் நின்று, பாதுகாப்புத் திருத்தம் தொடர்ந்து வருகிறதாயின் கவலை வேண்டா. அத்திருத்தமும் நின்றால் எச்சரிக்கை வேண்டும். அலைவரிசையோ, அடிப்படைப் பணியோ நின்றால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. கைபேசியின் அமைப்புகள் பகுதியில், கடைசியாகத் திருத்தம் பெற்ற நாள் எழுதியிருக்கும். இன்றே பார்த்து வையுங்கள்.

இரண்டாவது, பழுது நோயா, மூப்பா என்று பிரித்தறியுங்கள். மின்கலத்தாலும் இடநெருக்கடியாலும் வரும் சோர்வு, சிறு செலவில் தீரும். மூன்றாவது, முடிவு எதுவாயினும் முதலில் படி எடுங்கள். அன்புக்குரியது பெரும்பாலும் கருவியன்று. அதனுள் இருக்கும் முகங்களும் குரல்களுமே. நான்காவது, பணிகளை இரண்டாகப் பிரித்து, பணமும் அடையாளமும் சார்ந்தவற்றை மட்டுமேனும் ஆதரவுள்ள கருவிக்கு மாற்றுங்கள். ஐந்தாவது, முற்றிலும் விடைகொடுக்க நேர்ந்தால், உள்ளிருப்பதை முழுதும் அழித்து, அங்கீகாரம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் சேர்ப்பியுங்கள்.

கடைசியாகச் சொன்னது சிறு செய்தியன்று. 2022-ஆம் ஆண்டில் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் சார்பு அறிக்கை கூறுகிறது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நூற்றுக்கு 22.3 பங்கே. எஞ்சியதில் ஈயமும் பாதரசமும் கலந்திருக்கின்றன. திறந்தவெளியில் அவற்றை எரித்துச் செம்பு பிரிப்போரின் நுரையீரலுக்கும், அருகிலுள்ள நீர்நிலைக்கும் அவை சென்று சேர்கின்றன. ஆகவே, ஆதரவு எத்தனை ஆண்டு என்னும் கேள்வி, நம் வீட்டோடு நிற்கும் கேள்வியன்று.

அரசுகள் இதை உணரத் தொடங்கிவிட்டன. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள், 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. செப்பனிடும் உரிமைக்கென ஓர் இணையத்தளத்தை இந்திய அரசின் நுகர்வோர் துறை 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியோ 2025-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் முதல் செயற்படுகிறது. அதன்படி, ஒரு கைபேசி வகை கடைசியாகச் சந்தைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்புகள் கிடைக்க வேண்டும். முக்கிய உதிரிப் பகுதிகள் 7 ஆண்டுகளுக்குக் கிடைக்க வேண்டும். விதி வருமுன்பே, கூகுள் 2023-ஆம் ஆண்டு அக்டோபரிலும், சாம்சங் 2024-ஆம் ஆண்டு ஜனவரியிலும், தம் உயர்வகைக் கைபேசிகளுக்கு 7 ஆண்டு ஆதரவு தருவதாக வாக்களித்தன. மூன்றாண்டு என்பது ஏழாண்டு ஆனது இயற்கை நியதியால் அன்று. மக்கள் கேட்டதனாலும், சிலர் இயலும் என்று செய்துகாட்டியதனாலும், சட்டம் இயற்றுவோர் செவிசாய்த்ததனாலும் ஆனது.

வரலாறு படிப்பதன் பயன் இதுவே. இன்று மாறாதது போலத் தோன்றும் ஒரு வழக்கம், எப்போது, யாரால் தொடங்கியது என்று அறிந்தால், அது மாறக்கூடியதே என்னும் தெளிவு பிறக்கிறது. நீங்கள் நாளை ஒரு கைபேசி வாங்கச் செல்லும்போது, படம் எப்படி வரும், விலை எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், “இதற்கு எந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் வரும்?” என்றும் கேளுங்கள். கடைக்காரருக்கு விடை தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் அவர் தெரிந்துகொள்வார். பதினாயிரம் பேர் கேட்டால் செய்பவர் பெட்டியின்மேல் அச்சிடுவார். உங்களுள் சிலர் நாளை அக்கருவிகளைச் செய்பவர்களாகவும் ஆவீர்கள். அப்போது, நீங்கள் எழுதும் நிரலை நம்பி எங்கோ ஒரு சிற்றூரில் ஒரு முதியவர் தம் ஓய்வூதியத்தை வைத்திருக்கிறார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.